'நன்று' என்னும் ஒற்றைச் சொல்

பள்ளி மாற்றுச் சான்றிதழில் மாணவரின் ஒழுக்கத்தையும் பண்பையும் குறிப்பிடுவதற்கென ஓர் இடம் உண்டு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியப் பணியில் இருந்த நான், அந்த இடத்தில் 'நன்று' என்பதைத் தவிர வேறு சொல்லைக் கண்டது மிக அரிது. என் கையும் அதையே எழுதிப் பழகியது. முதல் மதிப்பெண் பெற்றவனுக்கும் 'நன்று'. சுவரேறிக் குதித்துத் திரைப்படத்துக்குப் போனவனுக்கும் 'நன்று'.

பணி ஓய்வுக்குப் பிறகு, அண்மையில் பழைய மாணவர் ஒருவர் நன்னடத்தைச் சான்று கேட்டு வீட்டுக்கு வந்தார். தனியார் நிறுவனம் ஒன்றில் காசாளர் வேலை கிடைக்கும் நிலையில் இருந்தார். படிவத்தை வாங்கிப் பேனாவைத் திறந்தபோது, அவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "இது நீங்க எல்லாருக்கும் எழுதிக் குடுக்கதுதானே, சார்?"

அவர் குறையாகச் சொல்லவில்லை. ஆயினும் என் பேனா நின்றுவிட்டது. எல்லாருக்கும் பொருந்தும் சொல் எவரைப் பற்றியும் எதையும் சொல்வதில்லை அல்லவா?

நற்குணத்தைச் சுட்டும் சொற்களுக்குத் தமிழில் பஞ்சமில்லை. அவற்றுள் பல, கண்ணால் காணக்கூடிய, கையால் தொடக்கூடிய பொருள்களிலிருந்து பிறந்தவை. நேர்மை என்பது 'நேர்' என்பதிலிருந்து வந்தது; கோணாமல் செல்லும் கோடு அது. எங்கள் மாவட்டத்தின் எல்லையான களியக்காவிளையைத் தாண்டினால், மலையாளத்தில் 'நேர்' என்ற சொல்லே உண்மை என்று பொருள்படுகிறது. நடுவுநிலைமை என்றதும் துலாக்கோலின் நாக்கு நினைவுக்கு வருகிறது. நாணயம் என்ற சொல் காசையும் குறிக்கும், சொன்ன சொல் தவறாமையையும் குறிக்கும். காசைத் தட்டிப் பார்த்து வாங்கியதைப் போலவே, ஆளையும் கொடுக்கல் வாங்கலில் தட்டிப் பார்த்த பிறகே 'நாணயமானவர்' என்றார்கள்.

நாஞ்சில் என்றால் கலப்பை. கலப்பையின் பெயரைத் தாங்கிய எங்கள் நாட்டில், 'சால்' என்றதும் உழவருக்கு நினைவில் எழுவது ஏர் கிழித்த கோடு. நிறைதல் என்ற பொருளுடைய 'சால்' வேறொரு சொல். அதிலிருந்து வந்தவையே சால்பும் சான்றோரும். சான்றாண்மைக்குத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவர், சால்பைத் தாங்கும் ஐந்து தூண்களில் ஒன்றாக வாய்மையை வைத்தார். சாட்சி என்று பொருள்தரும் 'சான்று' என்ற சொல்லையும் அந்த அடியோடு சேர்த்து எண்ணுவது வழக்கம். குணத்தால் நிறைந்தவர் சான்றோர். அவர் வாயிலிருந்து வருவதே சான்று. அப்படியானால், சான்றிதழ் எழுதுபவரின் குணமும் அந்தத் தாளில் சேர்ந்தே சோதிக்கப்படுகிறது.

குணத்தைச் சோதிக்க எங்கள் மண்ணில் ஒருகாலத்தில் கொடிய வழி ஒன்று இருந்தது. இந்திரன் தூய்மை பெற்ற தலம் என்பது சுசீந்திரத்தின் புராணம். 'சுசி' என்றால் தூய்மை. அந்தக் கோயிலில் 'கைமுக்கு' என்றொரு வழக்கம் நடைபெற்றது. ஒழுக்கக் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரி, கொதிக்கும் நெய்க்குள் கையை விட்டு, அதில் இடப்பட்ட உருவத்தை எடுக்க வேண்டும். பிறகு கையைத் துணியால் கட்டி வைத்து, சில நாள்கள் கழித்து அவிழ்த்துப் பார்ப்பார்கள். கை புண்ணாகாதிருந்தால் அவர் குற்றமற்றவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில், சுவாதித் திருநாள் ஆட்சிக் காலத்தில் இந்த வழக்கம் ஒழிந்தது.

ஒழிந்தது நன்மையே. கொதிக்கும் நெய்க்கு நல்லவர் யார், தீயவர் யார் என்று தெரியாது. ஆயினும் மக்கள் வழக்கில் 'கை சுத்தம்' என்ற சொல் இன்றும் வாழ்கிறது. அதைச் சோதிக்க நெருப்பு வேண்டியதில்லை. ஊர்க்கோயில் கொடைக்கு வரி பிரித்தவர் கணக்கை ஒப்படைக்கும் நாளில், சீட்டுப் பிடித்தவர் கடைசித் தவணையைக் கொடுக்கும் நாளில், அந்தச் சோதனை ஓசையின்றி நடந்து முடிகிறது.

நல்ல சொற்கள் நிறைந்த மொழி இருந்தால் மட்டும் போதாது என்பதற்கும் எங்கள் வரலாறே சாட்சி. திருவிதாங்கூரில் 'ஒழுக்கம்' என்பது நெடுங்காலம் சாதிக்கு விதித்த வழக்கத்தை மீறாமை என்றே கொள்ளப்பட்டது. நாடார் பெண்கள் தோளில் சீலை அணிவது அந்த வழக்கத்தை மீறுவதாகக் கருதப்பட்டது. உடலை மறைக்கும் ஆடையை 'மானம் காப்பது' என்று சொல்லும் அதே மொழியில்தான், ஒரு பகுதிப் பெண்களுக்கு அந்த மானம் மறுக்கப்பட்டது. நெடிய போராட்டத்துக்குப் பிறகு 1859இல் அரச அறிவிப்பு வந்தது. அதிலும், உயர்சாதிப் பெண்கள் அணிவதைப் போல் அணியக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. 'ஒழுக்கம்' என்ற சொல்லை யார், யாரைப் பார்த்துச் சொல்கிறார் என்று கேட்காமல் அதை ஏற்றுக்கொள்ளக் கூடாது என்பதை அந்தப் பெண்கள் நமக்குக் கற்பித்தார்கள்.

ஆகவே, குணத்தைச் சொல்லும் சொல்லுக்கு இரண்டு தகுதிகள் வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒன்று, அது பிறப்பையோ பதவியையோ பற்றாமல் செயலைப் பற்றியிருக்க வேண்டும். மற்றொன்று, சொல்பவர் அதற்குப் பொறுப்பேற்க வேண்டும்.

பூதப்பாண்டியில் 1907இல் பிறந்த ஜீவானந்தத்தை 'நல்லவர்' என்று சொன்னால் அது பொய்யில்லை. ஆனால் அது அவரைக் காட்டாது. 1952இல் சட்டப்பேரவை உறுப்பினரான அவர், அதன் பிறகும் தாம்பரத்தில் குடிசையில்தான் வாழ்ந்தார் என்று சொல்லும்போது அவர் நம் கண்முன் நிற்கிறார். பாராட்டுச் சொல் எதையும் சேர்க்காமலே அந்தச் செய்தி சான்றாகிவிடுகிறது.

இன்று மேடைகளில் 'மாமனிதர்', 'அறத்தின் உருவம்' என்ற அடைமொழிகள் தாராளமாக வழங்கப்படுகின்றன. அலுவலகக் கோப்புகளிலோ 'நன்று', 'மிக நன்று', 'திருப்திகரம்' என்ற மூன்று சொற்களுக்குள் மனிதர்கள் அடங்கிவிடுகிறார்கள். மிகையாகச் சொல்வதும் பொதுவாகச் சொல்வதும் ஒரே சோம்பலின் இரு முகங்கள். இரண்டிலும் சொல்பவருக்குப் பொறுப்பில்லை, கேட்பவருக்குப் பயனில்லை. உண்மையிலேயே நேர்மையாக வாழ்ந்தவரும் மற்றவரும் ஒரே சொல்லால் அளக்கப்படும்போது, இழப்பு நேர்மையாளருக்கே.

என் முன்னால் நின்ற இளைஞரைப் பற்றி எனக்குத் தெரிந்தது என்ன என்று யோசித்துப் பார்த்தேன். பத்தாம் வகுப்பில் சுற்றுலாவுக்குப் பணம் பிரிக்கும் பொறுப்பை அவரிடம் விட்டிருந்தேன். திரும்பி வந்த மறுநாள், மீந்த சில்லறையை ஒரு தாளில் பொதிந்து, அந்தத் தாளிலேயே கணக்கும் எழுதி என் மேசையில் வைத்தார். நான் கேட்கவில்லை, எவரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள்.

படிவத்தில் ஒரு சொல்லுக்கே இடம் இருந்தது. அங்கே 'நன்று' என்று எழுதினேன். அதன் கீழே, கையொப்பத்துக்கு மேல் இருந்த சிறு வெற்றிடத்தில், அந்தச் சில்லறைக் கணக்கை இரண்டு வரிகளில் எழுதி, 'கை சுத்தமானவர் என்பதை நேரில் அறிவேன்' என்று முடித்தேன்.

அவர் படித்துப் பார்த்தார். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "இத அங்க ஒத்துக்கிடுவாங்களா, சார்?" என்றார். "ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு படிவம் கொண்டுவா, வெறும் 'நன்று' போட்டுத் தருகிறேன்" என்றேன். இதுவரை அவர் வேறு படிவம் கொண்டுவரவில்லை.

நாளை அவர் தவறினால், அந்தத் தாளில் என் பெயரும் இருக்கும். அந்த அச்சம் எனக்கு இருக்கிறது. முப்பது ஆண்டுகள் 'நன்று' எழுதியபோது ஒருநாளும் எனக்கு அது இருந்ததில்லை.