சாய்வுக்குப் பணியும் சிற்றூர்தி

ஊர்தியைச் செலுத்துவோர் அதன்மீது அமர்ந்திருத்தல் வேண்டும் என்பது நெடுங்காலமாக மக்கள் கொண்டிருந்த எண்ணமாகும். குதிரை வண்டியாயின் கடிவாளத்தையும், மரக்கலமாயின் சுக்கானையும் ஒருவர் பற்றியே ஆகவேண்டும் அன்றோ? இவ்வெண்ணத்தை 1898ஆம் ஆண்டில் நிக்கோலா டெஸ்லா என்னும் அறிஞர் மாற்றினார். நியூயார்க்கு நகரின் மாடிசன் சதுக்கத் தோட்ட அரங்கில் மின்சாரப் பொருட்காட்சி ஒன்று நடந்தது. ஆங்கு நீர்த்தொட்டியில் மிதந்த சிறு படகொன்றை, அதனைத் தொடாமலே அவர் இயக்கிக் காட்டினார். கயிறும் இல்லை, கம்பியும் இல்லை. வானொலி அலைகளே அவர்தம் ஆணையைப் படகிற்குக் கொண்டு சென்றன. கண்டோர் பெரிதும் வியந்தனர்.

அன்று பேரறிஞர் ஒருவர் செய்த அருஞ்செயலை இன்று பள்ளி மாணவரும் செய்து பார்க்கலாம். கையிலுள்ள திறன்பேசியை முன்னே சாய்த்தால் முன்னேயும், பக்கவாட்டில் சாய்த்தால் அப்பக்கத்திலும் ஓடும் சிற்றூர்தி ஒன்றை அமைத்தல் கடினமன்று. ஆயினும், அதனுள் நிகழ்வன யாவை என அறிந்து அமைத்தலே பயனுடைத்து.

திறன்பேசி தன் சாய்வை எங்ஙனம் அறிகிறது? அதனுள் முடுக்கமானி என்னும் நுண்கருவி உள்ளது. அக்கருவியில் மிகச் சிறிய சிலிக்கன் துண்டொன்றை மெல்லிய சிலிக்கன் விற்சுருள்கள் தாங்கி நிற்கின்றன. பேசியைச் சாய்த்தால், புவியீர்ப்பினால் அத்துண்டு அணுவளவாக இடம்பெயரும். அதற்கும் அருகிலுள்ள அசையாத் தகடுகளுக்கும் இடையேயுள்ள தொலைவு மாறும். அதனால் அவற்றின் மின்தேக்குதிறனும் மாறும். அம்மாற்றத்தைக் கருவி எண்ணாக்கித் தரும். பேசியை மேசைமேல் கிடத்தினால் பக்கவாட்டு அளவு சுழியாகும். ஒரு பக்கம் 30 பாகை சாய்த்தால் 4.9 ஆகும், பக்கவாட்டில் செங்குத்தாக நிறுத்தினால் 9.8 ஆகும். இது வினாடிக்கு வினாடி இத்தனை மீட்டர் என்னும் முடுக்க அளவு. கொத்தனார் தூக்குக்குண்டைக் கொண்டு சுவரின் சாய்வைக் காண்பதும் இவ்வீர்ப்பின் துணையாலேயே ஆகும்.

இவ்வெண்களைத் திறன்பேசியிலுள்ள செயலி படித்து, 'முன்னே செல்', 'இடப்புறம் திரும்பு', 'நில்' என்னும் ஆணைகளாக மாற்றும். ஒவ்வோர் ஆணைக்கும் ஓர் எழுத்தைக் குறியீடாகக் கொள்வர். வினாடிக்கு 240 கோடி முறைக்கு மேல் அதிரும் புளூடூத் அலைகள் அவ்வெழுத்தை ஊர்திக்குக் கொண்டு செல்லும்.

ஊர்தியில் ஆணையை ஏற்று ஆராய்வது நுண்கட்டுப்படுத்திப் பலகையாகும். இத்தாலி நாட்டின் இவ்ரேயா நகரில் 2005ஆம் ஆண்டில் மாணவர்க்கென உருவாகிய ஆர்டுயினோ இவ்வகையினது. ஆயினும் அதன் முனையொன்றிலிருந்து 20 மில்லி ஆம்பியர் அளவு மின்னோட்டமே எடுத்தல் தக்கது. சக்கரத்தைச் சுழற்றும் மோட்டாருக்கோ சில நூறு மில்லி ஆம்பியர் வேண்டும். ஆதலின் இரண்டிற்கும் இடையே மோட்டார் இயக்கி என்னும் சுற்று அமைகிறது. பாகனின் அங்குசம் பாரத்தைத் தூக்குவதில்லை; யானையின் வலிமையை ஏவுகிறது. அதுபோலப் பலகை ஏவ, இயக்கியானது மின்கலத்தின் ஆற்றலை மோட்டாருக்குச் செலுத்துகிறது. மின்னோட்டத்தின் திசையை மாற்றிச் சக்கரங்களைப் பின்னோக்கிச் சுழற்றுவதும் இதுவே.

இச்சிற்றூர்திக்குச் சுக்கான் இல்லை. இடப்புறச் சக்கரங்கள் விரைந்தும் வலப்புறச் சக்கரங்கள் மெல்லவும் சுழன்றால், ஊர்தி வலப்புறம் திரும்பும். ஒருபுறத் துடுப்பை மட்டும் வலித்தால் படகு மறுபுறம் திரும்புதலை ஒக்கும் இது.

இங்ஙனம் அமைத்தபின் இரண்டு இடர்கள் தோன்றும். முதலாவது, மனிதர் கை முற்றிலும் அசையாது நிற்பதன்று. சிறு நடுக்கத்தையும் ஆணையெனக் கொண்டால் ஊர்தி ஓரிடத்தில் நில்லாது. ஆதலின் சில பாகை அளவுள்ள சாய்வைச் செயலி பொருட்படுத்தாது விடுதல் வேண்டும்.

இரண்டாவது இடர் பெரிது. 'முன்னே செல்' என்னும் ஆணையை ஏற்று ஊர்தி ஓடும்போது, திறன்பேசியின் மின்கலம் தீர்ந்துவிட்டால் யாது நிகழும்? 'நில்' என்று கூற எவரும் இல்லை. இறுதியாகப் பெற்ற ஆணையையே பற்றிக்கொண்டு, சுவரில் மோதும்வரையோ தெருவிற் பாயும்வரையோ அது ஓடிக்கொண்டிருக்கும். இதனைத் தடுக்கும் வழி எளிது. சாய்வு மாறாவிடினும் திறன்பேசி வினாடிக்குப் பலமுறை ஆணையை விடுத்தல் வேண்டும். அரை வினாடி அளவும் ஆணை வாராவிடின், ஊர்தி தானே நிற்குமாறு நிரல் எழுதுதல் வேண்டும். அஃதாவது, ஆணை உள்ளவரை ஓடுக. இல்லையேல் நிற்க என்பதே விதி.

இதனைச் சோதித்தறிதலும் எளிதே. சக்கரங்கள் தரையிற் படாதவாறு ஊர்தியை ஒரு செங்கல்மீது வைத்து ஓடவிடுக. பின்னர்த் திறன்பேசியின் புளூடூத்தை அணைத்துவிடுக. சக்கரங்கள் உடனே நின்றால் ஊர்தியைத் தரையில் இறக்கலாம். நில்லாவிடின் நிரலைத் திருத்திய பின்னரே இறக்குதல் வேண்டும்.

கைவிரல் அளவுள்ள சக்கரங்கள் எவர்க்கும் பெருந்தீங்கு செய்துவிடா. ஆயினும் இன்று சிற்றூர்தி செய்யும் மாணவர், நாளை ஆளின்றிப் பறக்கும் வானூர்தியையும் உழவுப் பொறியையும் ஆக்குவோர் ஆகலாம். ஏவியதைச் செய்தல் பொறியின் கடமை. ஏவுவோர் குரல் கேளாத வேளையிலும் அது தீங்கின்றி நிற்குமாறு அமைத்தல், அதனை ஆக்குவோர் கடமையாகும்.