எலும்பு வளரும்வரை நின்று, பிறகு கரையும் உலோகம்

மறைமலைநகரிலிருந்து செங்கல்பட்டு வரை ஜி.எஸ்.டி. சாலையில் பல் மருத்துவமனைப் பலகைகளுக்குக் குறைவில்லை. பொத்தேரியில் பல் மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. ஆனாலும் இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் ஸ்குரூ பதித்து வைக்கும் செயற்கைப் பல்) வைத்துக்கொள்ளப் போகிறவர்களில் சிலருக்குக் கிடைக்கும் பதில், "எலும்பு போதாது". பல்லைப் பிடுங்கிய இடத்தை அப்படியே விட்டால் தாடை எலும்பு மெலியும். ஓராண்டுக்குள் அகலத்தில் பாதி வரை போய்விடலாம். அப்புறம் ஸ்குரூ எங்கே பிடிக்கும்?

அதற்காகத்தான் எலும்பை வளர்த்தெடுக்கும் அறுவை. ஈறைக் கீறித் திறந்து, பள்ளத்தில் எலும்புத் துகள் நிரப்பி, மேலே மெல்லிய சவ்வு ஒன்றைப் போர்த்தித் தைக்கிறார்கள். ஈறுச் சதை வேகமாக வளரும், எலும்பு மெதுவாக வளரும். நடுவில் தடுப்பு இல்லாவிட்டால் எலும்புக்கு உரிய இடத்தைச் சதை பிடித்துக்கொள்ளும். சுவீடனின் கிறிஸ்டர் டாலின் குழு 1988-ல் எலிகளின் தாடையில் இதைக் காட்டியது.

முதலில் வந்தவை டெஃப்லான் வகைச் சவ்வுகள். அவை கரையாது; எடுக்க மறுபடி ஈறைத் திறக்க வேண்டும். அடுத்து வந்தது கொலாஜன் என்ற புரதத்தாலான சவ்வு. கொலாஜனின் மூன்று இழை முறுக்கைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கண்டறிந்து 1954-ல் வெளியிட்டார்கள் என்பது நமக்குப் பெருமை. இந்தச் சவ்வு தானாகக் கரைந்துவிடும். ஆனால் ரத்தத்தில் நனைந்ததுமே துவண்டுபோகும். சிறிய பள்ளத்துக்குச் சரி. பெரிய பள்ளத்தில் சவ்வு உள்ளே அமுங்கி, எலும்பு வளர வேண்டிய இடத்தையே அடைத்துவிடும். டைட்டேனிய வலை அமுங்காது. ஆனால் அதையும் ஒருநாள் வெளியே எடுக்க வேண்டும். சில வேளை அதன் ஓரம் ஈறைக் கிழித்து எட்டிப்பார்க்கும்.

தாங்கவும் வேண்டும், கரையவும் வேண்டும் என்றால் மக்னீசியம். அது உடம்புக்கு அந்நியமல்ல. வயதுவந்தவர் உடலில் சுமார் 25 கிராம் இருக்கிறது, அதில் பாதிக்கு மேல் எலும்பில்தான். சவ்வுக்குள் இந்த உலோகத்தைச் சட்டமாக வைக்கலாம். சவ்வையே மக்னீசியத் தகடாகவும் செய்யலாம். ஜெர்மனியின் பாட்டிஸ் நிறுவனத்தின் மக்னீசியச் சவ்வு 2021-ல் ஐரோப்பியச் சந்தைக்கு வந்தது.

யோசனை புதிதல்ல. பெல்ஜியத்தின் ஆல்பின் லம்போட் 1907-லேயே உடைந்த கால் எலும்பில் மக்னீசியத் தகட்டை எஃகு ஆணிகளால் பொருத்தினார். எட்டே நாளில் தகடு சிதைந்து, தோலுக்கடியில் வாயு திரண்டது. உப்பு நீரில் இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருந்தால், எளிதில் அரிபடும் உலோகம் இன்னும் வேகமாக அரிபடும். அதோடு, மக்னீசியம் கரையும்போது ஹைட்ரஜன் வரும். கால் கிராமில் பாதிகூட வேண்டாம், 0.1 கிராம் முழுதும் கரைந்தாலே ஏறத்தாழ 100 மில்லி லிட்டர் வாயு. மாதக்கணக்கில் மெல்ல வந்தால் உடல் அதை உறிஞ்சிவிடும். ஒரே வாரத்தில் வந்தால் தையல் பிரியும்.

மாமல்லபுரம் பக்கம் வருடா வருடம் இரும்பு கேட்டுக்கு பெயின்ட் அடிப்பவர்களுக்கு உப்பு என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. உடம்புக்குள் இருப்பதும் உப்பு நீர்தான். கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் யு. காமாட்சி முதலி, பல்தேவ் ராஜ் உள்ளிட்டோர், உடலில் பொருத்தும் உலோகங்கள் எப்படி அரிபடுகின்றன என்று 2003-ல் 'சாதனா' ஆய்விதழில் விரிவாக எழுதினார்கள். உலோகம் அரிபடக் கூடாதே என்பது அங்கே கவலை. இங்கே கவலை தலைகீழ்: அரிபடத்தான் வேண்டும், ஆனால் அவசரப்படக் கூடாது. தூய மக்னீசியம், மேற்பூச்சு, கலப்புலோகம் என்று ஆய்வாளர்கள் மல்லுக்கட்டுவதெல்லாம் இந்த வேகத்தைப் பிடித்து நிறுத்தத்தான்.

என் கணிப்பில், இன்றைக்குச் சிறிய குறைக்குக் கொலாஜனே போதும். மக்னீசியம் நம்பிக்கை தருகிறது. பல ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம் இன்னும் சேர வேண்டும். அறுவைக்குச் சம்மதிக்கும் முன் மருத்துவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: என்ன சவ்வு, கொலாஜன் என்றால் எந்த விலங்கிலிருந்து எடுத்தது, திரும்ப எடுக்க இன்னொரு அறுவை உண்டா? சர்க்கரை நோய், புகைப்பழக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். இவை இருந்தால் எந்தச் சவ்வு வைத்தாலும் புண் ஆறுவது தாமதமாகும்.