நிறுத்தும் விசைக்கு என்ன விலை?

2017-இல் 230 குதிரைத் திறனுடன் இந்தியாவுக்கு வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ்., 2020-இல் இருநூறு கார்கள் மட்டுமே என்ற அறிவிப்புடன் 245 குதிரைத் திறனில் வந்த அதன் அடுத்த பதிப்பு, 1.8 லிட்டர் டர்போ என்ஜின் கொண்ட ஃபோக்ஸ்வாகன் போலோ ஜி.டி.ஐ. ஆகியவை புதிதாக வந்த நாளில் ஷோரூம் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு நகர்ந்தவர்கள் பலர். இன்று அதே கார்கள் பழைய கார் சந்தையில், மாதத் தவணைக்கு எட்டும் விலையில் கிடைக்கின்றன. காரின் விலைதான் ஆண்டுக்கு ஆண்டு தேய்கிறது. அதன் உதிரிப் பாகங்களின் விலை தேய்வதில்லை. வாங்கும்போது தவணையையும் காப்பீட்டையும் கணக்கிட்ட நாம், நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க்குகளும் பேடுகளும் மாற்ற வேண்டும் என்று முதன்முறையாக ஒரு மதிப்பீடு கைக்கு வரும்போது திகைத்துப் போகிறோம்.

காப்பீடு இதில் கைகொடுக்காது. வழக்கமான தேய்மானத்தை மோட்டார் காப்பீட்டு ஒப்பந்தங்கள் ஏற்பதில்லை. நீட்டித்த உத்தரவாதத் திட்டங்களிலும் பிரேக் பேடு பொதுவாக விலக்குப் பட்டியலில்தான் இருக்கும். எனவே செலவு முழுவதும் நம்முடையது. அதைக் குறைக்க வழி தேடுவதில் தவறில்லை. எங்கே குறைப்பது என்பதில்தான் கவனம் தேவை.

ஏன் இவ்வளவு கவனம் என்று கேட்கலாம். 1,400 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் செல்லும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 540 கிலோஜூல். வேகம் 140 ஆனால் அது 1,058 ஆகிறது. வேகமோ ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை, ஆற்றல் இருமடங்காகிவிட்டது. நிற்க வேண்டுமானால் இந்த ஆற்றலின் பெரும்பகுதியை பிரேக் வெப்பமாக மாற்றியாக வேண்டும். புனேயிலிருந்து மும்பை செல்லும் விரைவுச் சாலையில் கண்டாலா மலைப்பாதை இறக்கத்தில் மீண்டும் மீண்டும் பிரேக்கை அழுத்துபவருக்கு, தரமற்ற பேடு முதல் சில முறை நன்றாகவே வேலை செய்யும். சூடேறிய பின்னரே அதன் பிடி தளரும். நகர நெரிசலில் ஓட்டிப் பார்த்து 'நன்றாகத்தான் இருக்கிறது' என்று முடிவு செய்வது அதனால்தான் போதாது.

மெய்யான சிக்கனத்துக்கு முதல் வழி, பெட்டியை மாற்றுவது. கார் நிறுவனங்கள் பிரேக் பேடுகளைப் பெரும்பாலும் தாமே செய்வதில்லை. ஏ.டி.இ., டி.ஆர்.டபிள்யூ., டெக்ஸ்டார், பிரெம்போ போன்ற பெயர்கள் கார் நிறுவனங்களுக்கே பாகம் வழங்குவோருடையவை. இவர்கள் தம் சொந்தப் பெட்டியிலும் மாற்றுப் பாகங்களை விற்கிறார்கள். கார் நிறுவனத்தின் முத்திரை இல்லாததால் விலை பெரும்பாலும் குறைவு. நம் நாட்டிலும் இத்தொழில் புதிதன்று. சென்னை பாடியில் 1960-களில் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியாவும், அதே பத்தாண்டில் தோன்றிய ரானே பிரேக் லைனிங்கும் பல கார் நிறுவனங்களுக்குப் பாகம் வழங்கி வந்தவை. நமது காருக்குரிய அளவு இவர்களிடம் இருக்குமானால் தயங்க வேண்டியதில்லை.

அளவு என்றதும் ஓர் எச்சரிக்கை. ஒரே மாடலிலேயே வெவ்வேறு விட்டமுள்ள டிஸ்க்குகள் வருவதுண்டு. ஃபோக்ஸ்வாகன் குழுமக் கார்களில் பின்பெட்டியின் உபரிச் சக்கரக் குழியிலோ சர்வீஸ் புத்தகத்திலோ ஒரு குறியீட்டுத் தாள் ஒட்டப்பட்டிருக்கும். முன் பிரேக்குக்கும் பின் பிரேக்குக்கும் தனித்தனி மூன்றெழுத்துக் குறியீடுகள் அதில் உண்டு. அதையும் சேசிஸ் எண்ணையும் கடைக்காரரிடம் காட்டிய பின்பே பணம் கொடுப்பது நலம். 'இந்த மாடலுக்கு இதுதான் வரும்' என்ற வாய்ச்சொல்லை நம்பி வாங்கி, பிரித்த பெட்டியைத் திருப்பிக் கொடுக்க முடியாமல் அலைபவர்கள் ஏராளம்.

பெட்டியிலும் பேடின் முதுகிலும் வட்டத்துக்குள் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தும் அருகில் 90ஆர் எனத் தொடங்கும் எண்ணும் இருக்கின்றனவா என்று பார்க்கலாம். ஐரோப்பிய ஒப்புதல் பெற்ற மாற்றுப் பாகம் என்பதற்கு அது அடையாளம். இவ்விதியின்படி, அசல் பேடின் செயல்திறனிலிருந்து மாற்றுப் பேடு 15 விழுக்காட்டுக்கு மேல் விலகக் கூடாது. சில பேடுகளின் விளிம்பில் எஃப்.எஃப்., ஜி.ஜி. என்பது போன்ற இரண்டு எழுத்துகள் காணப்படும். முதலெழுத்து வழக்கமான வெப்பநிலையில் உராய்வின் அளவையும், அடுத்தது மிகுந்த வெப்பத்தில் அதன் அளவையும் குறிக்கும். எஃப் என்றால் 0.35 முதல் 0.45 வரை. எஃப்.இ. என்று இருந்தால் சூட்டில் பிடி குறையும் என்று பொருள். பந்தயக் களத்துக்கான பேடுகளோ நேர்மாறானவை. சூடேறினால்தான் அவை முழுமையாகப் பிடிக்கும். காலையில் பால் வாங்கச் செல்லும் காருக்கு அவை பொருந்தா.

டிஸ்க்கில் துளையிட்டவை, வரியிட்டவை என்று அலங்காரம் மிகுதி. சாலையில் ஓடும் காருக்கு நல்ல நிறுவனத்தின் துளையில்லாத சாதாரண டிஸ்க்கே போதும் என்பது நம் கருத்து. மலிவான துளை டிஸ்க்கில் விரிசல் துளையிலிருந்துதான் தொடங்குகிறது. மாற்ற வேண்டுமா என்பதையும் நாமே அறியலாம். குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே மில்லிமீட்டரில் பொறிக்கப்பட்டிருக்கும். அளக்கும்போது தேயாமல் நிற்கும் விளிம்பை விட்டுவிட்டு, பேடு உரசும் பகுதியை அளக்கச் சொல்ல வேண்டும். ஸ்டியரிங் நடுங்கினாலே 'டிஸ்க் வளைந்துவிட்டது' என்று சொல்லி மாற்றிவிடுகிறார்கள். பல வேளைகளில் ஹப்பில் படிந்த துருவோ, டிஸ்க்கின் மீது சீரின்றிப் படிந்த பேடுப் பொருளோதான் காரணம். டயல் கேஜ் வைத்துப் பார்த்தாரா என்று கேட்டாலே வீண் செலவு சில நேரம் தவிர்க்கப்படும். மாற்றுவதானால் ஒரு சக்கரத்துக்கு மட்டும் மாற்றக் கூடாது. இடமும் வலமும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

மிகக் குறைந்த செலவில் மிகுந்த பயன் தருவது பிரேக் ஆயில்தான். அது காற்றின் ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. டாட் 4 வகையின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை. ஈரம் ஏறியபின் தரம் கோருவது 155 மட்டுமே. கொதித்தால் குழாயில் ஆவி சேர்ந்து மிதி தரைவரை இறங்கிவிடும். பெரும்பாலான கார் நிறுவனங்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றன. அதைத் தள்ளிப்போட வேண்டாம். டாட் 5 என்பது சிலிக்கான் வகை. எண் பெரிதாக இருக்கிறதே என்று அதை மற்றவற்றோடு கலந்துவிடக் கூடாது.

எதை வாங்கினாலும் பில் கேட்டு வாங்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிப் பாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்துள்ளது. பில் இல்லாமல் வாங்கிச் சேமிக்கும் தொகை முன்னைவிடச் சிறியது. போலிப் பாகம் என்று பின்னர் தெரிந்தால் கையில் இருக்கும் ஒரே சான்றும் அந்தப் பில்தான். மின்விசையில் இயங்கும் கைப்பிரேக் கொண்ட கார்களில் பின் பேடு மாற்றும்போது கணினிக் கருவி மூலம் மோட்டாரைப் பின்னிழுக்க வேண்டும். கிளாம்ப் வைத்து அழுத்தும் கடையில் கூலி குறைவுதான். கெட்டுப்போகும் காலிபரின் விலை அப்படியன்று.

பொருத்திய அன்று உடனே நெடுஞ்சாலைக்குப் போக வேண்டாம். ஆளில்லாத சாலையில் 60 கி.மீ. வேகத்திலிருந்து 20 வரை, முழுவதும் நிறுத்தாமல், மிதமாக அழுத்திப் பத்துப் பதினைந்து முறை குறைத்து, பிறகு சற்று நேரம் பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆறவிட வேண்டும். பேடு நிறுவனம் பெட்டிக்குள் வேறு முறை எழுதியிருந்தால் அதையே பின்பற்றுக.