உங்களுக்குத் தெரியுமா? அட்டைப்படத்துக்கு வந்த கறுப்பு முகங்கள்

வெள்ளைத் தோல்தான் அழகு என்று ஃபேஷன் பத்திரிகைகள் பல தலைமுறைகளாக அச்சடித்து விற்றுவந்தன. அந்தப் பத்திரிகைகளின் அட்டைக்கே வந்து உட்கார்ந்த கறுப்பினப் பெண்கள் பற்றிய தகவல்கள் இவை. இவர்களில் பலர் போட்டோவுக்கு நின்றதோடு நிற்கவில்லை. தங்களுக்குக் கிடைக்காததைத் தாங்களே தயாரித்துச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள்.

★ பாரிஸின் பெரிய ஆடை நிறுவனங்களில் வேலை பார்த்த முதல் கறுப்பின மாடல் டொரோதியா டவுல்ஸ். டெக்சஸ் மாநிலத்தில் பிறந்தவர். 1949இல் பாரிஸுக்குப் போய் கிறிஸ்டியன் டியோர் நிறுவனத்தில் இடம் பிடித்தார். அவருடைய சொந்த மாநிலத்தில் நிறப் பாகுபாடு சட்டமாகவே இருந்த காலம் அது. 1950களில் நாடு திரும்பியவர், பாரிஸில் சேர்த்த உடைகளை எடுத்துக்கொண்டு கறுப்பின மாணவர்கள் படித்த கல்லூரிகளுக்குப் போய் ஃபேஷன் ஷோ நடத்தினார்.

★ 'பிரிட்டிஷ் வோக்' அட்டையில் வந்த முதல் கறுப்பினப் பெண் டோன்யேல் லூனா. ஆண்டு 1966, மார்ச் இதழ். டெட்ராய்ட் நகரில் பிறந்த இவருடைய இயற்பெயர் பெக்கி ஆன் ஃப்ரீமேன். அந்தப் படத்தை நன்றாகப் பார்த்தால் ஒன்று புரியும். விரல்கள் முகத்தின் பெரும்பகுதியை மறைத்திருக்கின்றன. விரலிடுக்கில் ஒரு கண் மட்டும் நம்மைப் பார்க்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு 'ஹார்ப்பர்ஸ் பஜார்' அட்டைக்கும் இவர்தான் வந்தார். ஆனால் போட்டோவாக இல்லை, கோட்டோவியமாக. லூனா 33 வயதில் ரோம் நகரில் இறந்துபோனார்.

★ நவோமி சிம்ஸ் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மிசிசிப்பியில் பிறந்து, பிட்ஸ்பர்க்கில் வளர்ப்புப் பெற்றோரிடம் வளர்ந்தவர். படிக்க நியூயார்க் வந்தார். கைச்செலவுக்கு மாடலிங் செய்யலாம் என்று ஏஜென்சிகளின் படியேறினார். "நிறம் ரொம்பக் கறுப்பு" என்று திருப்பி அனுப்பினார்கள். ஏஜென்சி வேண்டாமென்று நேரே போட்டோகிராபர்களிடமே போனார். கோஸ்டா பீட்டர்சன் எடுத்த அவருடைய படம் 1967 ஆகஸ்டில் 'நியூயார்க் டைம்ஸ்' ஃபேஷன் இணைப்பின் அட்டையில் வந்தது.

அதற்குப் பிறகும் ஏஜென்சிகள் அசையவில்லை. அப்போது முன்னாள் மாடல் வில்ஹெல்மினா கூப்பர் புதிதாக ஓர் ஏஜென்சி தொடங்கிக்கொண்டிருந்தார். சிம்ஸ் அவரிடம் ஒரு யோசனை சொன்னார்: "இந்த அட்டையின் பிரதிகளை விளம்பர நிறுவனங்களுக்கு நானே அனுப்புகிறேன். உங்கள் தொலைபேசி எண்ணை மட்டும் போட்டுக்கொள்கிறேன். வேலை வந்தால் உங்களுக்குக் கமிஷன்." வேலை வந்து குவிந்தது. ஒரே வருடத்தில் வாரத்துக்கு 1,000 டாலர் சம்பாதித்தார். 1968 நவம்பரில் 'லேடீஸ் ஹோம் ஜர்னல்' அட்டை, 1969 அக்டோபரில் 'லைஃப்' அட்டை.

இவ்வளவு உயரத்துக்குப் போனவர் 1973இல் மாடலிங்கை விட்டுவிட்டு விக் வியாபாரத்தில் இறங்கினார். கடையில் கிடைத்த விக்குகள் கறுப்பினப் பெண்களின் கூந்தலைப் போலவே இல்லை. செயற்கை இழைகளைத் தன் வீட்டு அடுப்பில் சூடாக்கிப் பார்த்து, அந்தக் கூந்தலின் தன்மை வரும்வரை சோதித்தார். சில வருடங்களில் அது பல மில்லியன் டாலர் வியாபாரமாக வளர்ந்தது. இந்தப் பட்டியலில் எனக்கு மிகப் பிடித்தவர் இவர்தான்.

★ 'அமெரிக்கன் வோக்' 1892இல் தொடங்கிய பத்திரிகை. அதன் அட்டைக்கு ஒரு கறுப்பினப் பெண் வர 82 வருடங்கள் ஆயின. 1974 ஆகஸ்ட் இதழில் வந்தவர் பெவர்லி ஜான்சன்.

★ 1973 நவம்பர் 28. பிரான்சின் வெர்சாய் அரண்மனையைப் பழுதுபார்க்க நிதி திரட்டும் நிகழ்ச்சி. பிரான்சின் ஐந்து ஆடை வடிவமைப்பாளர்கள் ஒரு பக்கம், அமெரிக்காவின் ஐந்து பேர் இன்னொரு பக்கம். பிரெஞ்சுக்காரர்கள் இசைக்குழு, பிரம்மாண்டமான செட், ருடால்ஃப் நூரியேவின் நடனம் என்று இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக நடத்தினார்கள். அமெரிக்கர்களிடம் இருந்தது டேப்பில் பதிவுசெய்த இசை. மேடைக்குப் பின்னால் தொங்கவிடக் கொண்டுவந்த திரைகூட அளவுக் குழப்பத்தால் பயன்படாமல் போனது. அவர்களுடைய 36 மாடல்களில் 10 பேர் கறுப்பினப் பெண்கள். பாட் கிளீவ்லாண்ட் பம்பரமாய்ச் சுழன்றார். பில்லி பிளேர் ஆடினார். பெத்தான் ஹார்டிசன் கூட்டத்தை நேருக்கு நேர் முறைத்தபடி நின்றார். பாரிஸின் பெரிய மனிதர்கள் எழுந்து ஆர்ப்பரித்து, கையிலிருந்த நிகழ்ச்சி நிரல்களை மேலே வீசினார்கள். சுமார் அரை மணி நேரத்தில் அமெரிக்கா ஜெயித்தது. அந்தப் பெண்களின் நடையும் துணிச்சலும்தான் அன்றைய வெற்றி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

★ பழைய கலர் படங்களில் கறுப்புத் தோல் ஏன் சரியாக விழவில்லை? ஃபிலிமே அப்படித்தான் தயாரானது. லேபுகளில் நிறத்தைச் சரிபார்க்க கோடாக் நிறுவனம் அனுப்பிய மாதிரி அட்டைகளில் பல வருடங்கள் வெள்ளைக்காரப் பெண்களின் படம் மட்டுமே இருந்தது. அவர்களுடைய தோல் நன்றாக வந்தால் போதும் என்று முடித்துவிட்டார்கள். பழுப்பு நிறங்கள் தெளிவாக வரவில்லை என்று சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் புகார் சொன்ன பிறகே நிலைமை மாறத் தொடங்கியது. இதைக் கோபமில்லாமல் படிக்க முடியவில்லை.

★ சோமாலியாவின் மொகதிஷுவில் பிறந்தவர் இமான். தந்தை தூதரக அதிகாரி. நைரோபி பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் படித்துக்கொண்டிருந்தவரைத் தெருவில் பார்த்துப் படமெடுக்கக் கேட்டார் போட்டோகிராபர் பீட்டர் பியர்ட். கல்லூரிக் கட்டணத்தைக் கட்டினால் சரி என்றார் இமான். 1975இல் அவர் நியூயார்க்கில் இறங்கியபோது அங்கே பரவியிருந்த கதையே வேறு: ஆங்கிலம் தெரியாத, காட்டில் மாடு மேய்த்த பெண்ணாம்! இமானுக்கு ஐந்து மொழிகள் தெரியும்.

அமெரிக்காவில் முதல் படப்பிடிப்பின்போது மேக்கப் போடுபவர் இமானிடம், "உங்கள் ஃபவுண்டேஷனைக் கொண்டுவந்தீர்களா?" என்று கேட்டார். அவர் தோலுக்குப் பொருந்தும் நிறம் அங்கே எதுவும் இல்லை. பிறகு இமான் பல நிறங்களைத் தானே கலந்து தனக்கானதைத் தயாரித்துக்கொண்டார். 1994இல் 'இமான் காஸ்மெடிக்ஸ்' கம்பெனியையே தொடங்கினார்.

★ இமான் நியூயார்க்கில் இறங்கி 40 வருடம் கழித்து, 2015இல், தெற்கு சூடானைச் சேர்ந்த மாடல் நைகோர் பால் இன்ஸ்டாகிராமில் அதே கேள்வியைத் திருப்பிக் கேட்டார்: வெள்ளை மாடல்கள் வெறுங்கையோடு வரும்போது நான் மட்டும் ஏன் என் மேக்கப்பை வீட்டிலிருந்து சுமந்து வர வேண்டும்?

★ 1958இல் யூனிஸ் ஜான்சன் தொடங்கிய 'எபோனி ஃபேஷன் ஃபேர்' கறுப்பின மாடல்களோடு அமெரிக்கா முழுக்க ஐம்பது வருடங்கள் சுற்றி வந்தது. தர்ம காரியங்களுக்குப் பெரும் நிதி திரட்டியது. மேடையேறும் பெண்கள் இரண்டு மூன்று ஃபவுண்டேஷன்களைக் கலந்து பூசிக்கொள்வதை யூனிஸ் பார்த்தார். பெரிய அழகுசாதனக் கம்பெனிகளிடம் கேட்டும் பலனில்லை. 1973இல் 'ஃபேஷன் ஃபேர் காஸ்மெடிக்ஸ்' பிறந்தது.

★ பாப் மார்லியின் 'இஸ் திஸ் லவ்' பாட்டு வீடியோவில் ஒரு சின்னப் பெண் வருவாள். ஏழு வயது நவோமி கேம்பல்தான் அது. லண்டனில் பிறந்த இவர் 1988 ஆகஸ்டில் 'பிரெஞ்சு வோக்' அட்டைக்கு வந்த முதல் கறுப்பின மாடல் ஆனார். இவரைப் போடாவிட்டால் விளம்பரம் தரமாட்டேன் என்று வடிவமைப்பாளர் ஈவ் சான் லோரான் எச்சரித்த பிறகே அந்த அட்டை வந்தது. 1993இல் விவியன் வெஸ்ட்வுட்டின் உயரமான காலணிகளோடு ராம்பில் விழுந்து, சிரித்துக்கொண்டே எழுந்தார். அந்தக் காலணிகள் இன்று லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

★ 1997இல் பிராடா ஷோவை நவோமி கேம்பல் தொடங்கிவைத்தார். அடுத்து ஒரு கறுப்பின மாடல் அந்த இடத்தில் நடந்தது 2018இல்தான். அவர் அனோக் யாய். இடையில் 21 வருடங்கள்.

★ வாரிஸ் டிரி சோமாலியாவின் நாடோடிக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோதே கிழவர் ஒருவருக்குக் கட்டிவைக்கப் பார்த்ததால் பாலைவனத்தில் ஓடித் தப்பித்தார். லண்டனில் மெக்டொனால்ட்ஸில் வேலை பார்த்தபோது போட்டோகிராபர் டெரன்ஸ் டோனவன் கண்ணில் பட்டு மாடலானார். சிறுவயதில் தனக்கு நடந்த பிறப்புறுப்புச் சிதைப்பைப் பற்றி, புகழின் உச்சியில் இருந்தபோது 1997இல் வெளிப்படையாகப் பேசினார். ஐக்கிய நாடுகள் சபை அவரை அந்தக் கொடுமைக்கு எதிரான சிறப்புத் தூதராக நியமித்தது. அவருடைய சுயசரிதையான 'பாலைவனப் பூ' 2009இல் படமானது. அதில் வாரிஸாக நடித்தவரும் ஒரு மாடல்தான்: எத்தியோப்பியாவின் லியா கெபேடே. லியா 2007இல் தொடங்கிய 'லெம்லெம்' நிறுவனம் எத்தியோப்பியக் கைத்தறி நெசவாளர்களுக்கு வேலை தருகிறது.

★ உள்நாட்டுப் போரிலிருந்து தப்பி 1991இல் லண்டன் வந்த சூடான் அகதிச் சிறுமி அலெக் வெக். கிரிஸ்டல் பேலஸ் பகுதிச் சந்தையில் ஏஜென்சிக்காரர் கண்ணில் பட்டார். 1997 நவம்பரில் 'எல்' பத்திரிகையின் அமெரிக்கப் பதிப்பு அவரை அட்டையில் போட்டது. சிறுமியாக இருந்தபோது தன் நிறத்தை மாற்றச் சொல்லிக் கடவுளிடம் வேண்டிக்கொண்டதாகவும், அலெக் வெக்கைப் பார்த்த பிறகே மனம் மாறத் தொடங்கியதாகவும் 2014இல் ஒரு மேடையில் சொன்னார் ஆஸ்கர் நடிகை லுபிதா நியோங்கோ.

★ வெர்சாயில் முறைத்து நின்ற பெத்தான் ஹார்டிசன் ஓயவில்லை. 1984இல் சொந்த மாடலிங் ஏஜென்சி. 2013இல் நியூயார்க், லண்டன், மிலான், பாரிஸ் ஃபேஷன் அமைப்புகளுக்குப் பகிரங்கக் கடிதம். தங்கள் ஷோவில் ஒரு கறுப்பின மாடலைக்கூடச் சேர்க்காத, அல்லது பேருக்கு ஒருவரை மட்டும் சேர்த்த வடிவமைப்பாளர்களைப் பெயர் சொல்லியே எழுதினார். இமானும் நவோமி கேம்பலும் அவரோடு நின்றார்கள்.

★ "கறுப்பு முகம் அட்டையில் வந்தால் பத்திரிகை விற்காது" என்பது அந்தத் துறையின் பழைய சாக்கு. 2008 ஜூலையில் 'இத்தாலிய வோக்' தன் ஃபேஷன் பக்கங்களைக் கறுப்பின மாடல்களுக்கே கொடுத்தது. பிரதிகள் தீர்ந்து, மறுபடியும் அச்சடிக்க வேண்டியதாயிற்று.

★ கென்யாவின் ககூமா அகதி முகாமில் வளர்ந்து ஆஸ்திரேலியாவில் குடியேறியவர் அடுட் அகெச். 2019இல் அங்கே ஒரு பத்திரிகை அவருடைய பேட்டியோடு வேறொரு கறுப்பின மாடலின் படத்தைப் போட்டுவிட்டது. பேட்டியில் அவர் பேசியிருந்ததோ, அகதிகளையும் கறுப்பின மக்களையும் உலகம் பார்க்கும் விதம் பற்றி. இது வெள்ளை மாடலுக்கு நடந்திருக்காது என்று அடுட் வெளிப்படையாகச் சொன்னார். பத்திரிகை மன்னிப்புக் கேட்டது. அதே ஆண்டு டிசம்பரில் லண்டனில் நடந்த ஃபேஷன் விருது விழாவில் ஆண்டின் சிறந்த மாடல் விருதை வாங்கியவர் அடுட் அகெச்.