பழைய மோட்டாரும் ஈயமற்ற பெட்ரோலும்

கோல சிலாங்கூர் வட்டாரத்தில், சுங்கை செம்பிலாங், ஜெராம் போன்ற இடங்களின் பாதைகளில் ஒருகாலத்தில் ஓடிய மோரிஸ் மைனர் காரைச் செப்பனிட்டு மீண்டும் ஓட்ட ஆசைப்படுவோர் இன்றும் உளர். எஞ்சினைப் பிரித்ததும் அவர்கள் முன் எழும் கேள்வி ஒன்றுண்டு: வால்வையும், அது வந்து அமரும் சீட்டையும் எந்த உலோகத்தில் அமைப்பது? இதில் தவறினால் பணம் மட்டுமன்றி, கிடைத்தற்கரிய சிலிண்டர் ஹெட்டும் பாழாகும்.

ஈயம் செய்த உதவி

1921-ல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி என்பவர், ஈயக் கலவை ஒன்றைப் பெட்ரோலில் சேர்த்தால் எஞ்சின் தட்டும் ஓசை அடங்குவதைக் கண்டார். அக்கலவை எதிர்பாராத இன்னோர் உதவியும் செய்தது. எரிந்த ஈயத்தின் உப்புக்கள் மெல்லிய படலமாக வால்வு சீட்டின்மேல் படிந்து, உலோகத்தோடு உலோகம் நேரே மோதாவண்ணம் காத்தன.

ஆனால் ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. ஆகவே நாடுகள் ஒவ்வொன்றாக அதை விலக்கின. இந்தியாவில் 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் தேதி அது நின்றது. உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021-ல் கைவிட்டது. மலேசியாவிலும் இன்று விற்கப்படுவது ஈயமற்ற பெட்ரோலே.

தேய்வு எவ்வாறு நிகழ்கிறது?

மோரிஸ் மைனரின் எஞ்சினில் சீட்டு தனி வளையமன்று. வார்ப்பிரும்பு ஹெட்டிலேயே கடைந்தெடுக்கப்பட்டது. எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 சுற்றுச் சுற்றும்போது ஒவ்வொரு வால்வும் 2,000 தடவை சீட்டில் மோதுகிறது. புகை வெளியேற்றும் வால்வு அப்போது 700 டிகிரி செல்சியஸ் அளவில் காய்ந்திருக்கும். காப்புப் படலம் இல்லாவிடில் வார்ப்பிரும்பின் நுண்துகள்கள் வால்வில் ஒட்டிப் பிய்ந்து, அரம் போல் சீட்டை அராவுகின்றன. வால்வு சிறிது சிறிதாக ஹெட்டுக்குள் அமிழ்கிறது.

இத்தேய்வு வேகத்தையும் பாரத்தையும் பொறுத்தது. தோட்டப் பாதையில் மெல்லப் போகும் காருக்குப் பல்லாண்டு கேடில்லை. 2011-ல் திறக்கப்பட்ட லாத்தார் நெடுஞ்சாலையில், ஈஜோக்கிலிருந்து முழு வேகத்தில் ஓட்டுபவருக்கோ கவலை வேண்டும்.

எந்த உலோகம்?

வெளியேற்றும் வால்வுக்கு ஏற்றது 21-4 என் எனப்படும் உருக்கு. இதில் நூற்றுக்கு 21 பங்கு குரோமியமும் ஏறக்குறைய 4 பங்கு நிக்கலும் உண்டு. சூட்டிலும் வலுக் குன்றாது. இதன் தலைப் பகுதி காந்தத்தில் ஒட்டாது என்பதால் கடையிலேயே சோதித்துக்கொள்ளலாம். கடும் உழைப்புக்கு வால்வின் முகத்தில் ஸ்டெல்லைட் என்னும் கோபால்ட்-குரோமியக் கலப்பு உலோகத்தைப் பூசுவதுமுண்டு. உள்ளிழுக்கும் வால்வைப் புதுக்காற்று குளிர்விப்பதால், அதற்குச் சிலிக்கான்-குரோம் உருக்கே போதும்.

வால்வை மட்டும் உயர்த்தினால் பயனில்லை, தேய்வது சீட்டன்றோ? வெளியேற்றும் பக்கத்தில் பழைய சீட்டைக் கடைந்து நீக்கி, குரோமியம் மிகுந்த இரும்பு வளையத்தையோ, பொடியை அழுத்திச் சுட்டுச் செய்த வளையத்தையோ இறுக்கிப் பதிக்க வேண்டும். வளையம் குழியைவிட அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பங்கு பெரிதாக இருத்தல் வழக்கம். இறுக்கம் குறைந்தால் வளையம் கழன்று எஞ்சினை உடைக்கும்; வால்வின் சூடு ஹெட்டுக்குக் கடக்கவும் வழியிராது. குழி ஆழமானாலோ நீர்ப்பாதை ஓட்டையாகும். கைதேர்ந்த கடைசல் பட்டறையை நாடுவதே நன்று.

அலுமினிய ஹெட் கொண்ட எஞ்சின்களில் தனி வளையம் தொடக்கத்திலேயே உண்டு. வோக்ஸ்வேகன் பீட்டில் வைத்திருப்போர் இதற்காக வீண்செலவு செய்ய வேண்டியதில்லை.

முதலில் அளந்து பாருங்கள்

ஹெட்டைக் கழற்றுமுன் டாப்பெட் இடைவெளியை அளப்பது அறிவுடைமை. மோரிஸ் மைனருக்கு அது 12 'தௌ', அதாவது சுமார் 0.3 மில்லிமீட்டர். ஒழுங்காக வைத்த இடைவெளி வெளியேற்றும் வால்வுகளில் மட்டும் மீண்டும் மீண்டும் குறைந்துவந்தால், சீட்டு அமிழ்கிறது என்பது உறுதி. இடைவெளி மாறாதிருப்பின், நல்ல ஹெட்டைக் கடைவதைவிட வேகத்தை அடக்கி ஓட்டுவதும், ஆயிரம் மைலுக்கொருமுறை அளந்து குறித்துவைப்பதுமே போதும். விலையுயர்ந்த உலோகமே நல்லதென்று எண்ணாமல், ஹெட் எதனால் ஆனது, கார் எந்தச் சாலையில் ஓடப்போகிறது என்னும் இரண்டையும் அறிந்து முடிவு செய்வோருக்குப் பழைய எஞ்சின் இன்னும் நெடுநாள் உழைக்கும்.