பின் இருக்கையிலும் சீட் பெல்ட் ஏன் கட்டாயம்? இயற்பியல் தரும் விளக்கம்

நாடு முழுவதும் 2022-ஆம் ஆண்டு நிகழ்ந்த சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். இவர்களில் 16,715 பேர் சீட் பெல்ட் அணியாதவர்கள். 50,029 பேர் தலைக்கவசம் அணியாதவர்கள் என்று மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகத்தின் ஆண்டறிக்கை தெரிவிக்கிறது. சீட் பெல்ட் அணியாமல் இறந்தவர்களில் 8,331 பேர் வாகனத்தை ஓட்டியவர்கள் அல்லர், உடன் பயணித்தவர்கள்.

இந்த மரணங்களுக்கான காரணத்தைப் பள்ளி இயற்பியலில் வரும் உந்தம், கணத்தாக்கு ஆகிய இரு கருத்துகளைக் கொண்டு புரிந்துகொள்ள முடியும்.

உந்தம் என்றால் என்ன?

ஒரு பொருளின் நிறையை அதன் திசைவேகத்தால் பெருக்கினால் கிடைப்பது உந்தம். மணிக்கு 72 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் செல்லும் காரில் 60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் இருப்பதாகக் கொள்வோம். அவரது உந்தம் 1,200 கிலோகிராம் மீட்டர்/விநாடி. கார் எதிலாவது மோதி நின்றாலும், நிலைமத்தின் காரணமாக அவரது உடல் அதே வேகத்தில் முன்னோக்கிப் பாயும். வேறொரு விசை தடுக்கும் வரை அது நிற்காது.

கணத்தாக்கு என்றால் என்ன?

விசையையும் அது செயல்படும் நேரத்தையும் பெருக்கினால் கிடைப்பது கணத்தாக்கு. இது உந்தத்தில் ஏற்படும் மாற்றத்திற்குச் சமம். எனவே, நிற்பதற்கு ஆகும் நேரம் குறைந்தால் விசை கூடும். நேரம் கூடினால் விசை குறையும். வேகமாக வரும் பந்தைப் பிடிக்கும் கிரிக்கெட் வீரர் கைகளைப் பின்னோக்கி இழுப்பது இதனால்தான்.

மேற்கண்ட பயணி சீட் பெல்ட் இன்றி முன் இருக்கையில் மோதி 0.01 விநாடியில் நின்றால், அவர் மீது சராசரியாக 1,20,000 நியூட்டன் விசை செயல்படும். இது ஏறக்குறைய 12 டன் எடைக்குச் சமம். சீட் பெல்ட் அணிந்து, 0.1 விநாடியில் நின்றால் விசை 12,000 நியூட்டனாகக் குறையும். அந்த விசையும் தலையில் தாக்காமல் தோள், மார்பு, இடுப்புப் பகுதிகளில் பரவுகிறது. மோதலின்போது நசுங்கும்படி காரின் முன்பகுதி வடிவமைக்கப்படுவதும் இந்தக் கூடுதல் நேரத்திற்காகவே. ஏர்பேக் துணைப் பாதுகாப்பு மட்டுமே. அது சீட் பெல்ட்டுக்கு மாற்று ஆகாது.

பின் இருக்கையும் மடியில் குழந்தையும்

டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி, 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிர மாநிலம் பால்கர் மாவட்டத்தில் நிகழ்ந்த கார் விபத்தில் உயிரிழந்தார். பின் இருக்கையில் இருந்த அவர் சீட் பெல்ட் அணிந்திருக்கவில்லை என்று காவல்துறை தெரிவித்தது. பின்னால் இருப்பவருக்கும் உந்தம் அதேதான். அவர் தூக்கி வீசப்பட்டால் முன்னால் இருப்பவரும் காயமடைவார்.

அதே வேகத்தில் செல்லும் காரில், 10 கிலோ குழந்தையை 0.1 விநாடியில் நிறுத்த 2,000 நியூட்டன் விசை தேவை. சுமார் 200 கிலோ எடையைத் தாங்குவதற்கு ஒப்பான இதை எந்தப் பெற்றோரின் கைகளாலும் செய்ய இயலாது. எனவே குழந்தைகளுக்கென உள்ள தனி இருக்கையே பாதுகாப்பானது.

தலைக்கவசம் செயல்படுவது எப்படி?

தலைக்கவசத்தின் உள்ளே இருக்கும் தெர்மாகோல் போன்ற அடுக்கு மோதலில் நசுங்கி, தலை நிற்பதற்கான நேரத்தை நீட்டிக்கிறது. நசுங்கிய அடுக்கு மீண்டும் பழைய நிலைக்குத் திரும்பாது என்பதால், விபத்துக்குள்ளான தலைக்கவசத்தை மாற்றிவிட வேண்டும். தாடைப் பட்டையைப் பூட்டாவிட்டால் கவசம் கழன்றுவிடும், பயனிருக்காது.

சட்டம் கூறுவது என்ன?

முன்னோக்கி அமைந்த பின் இருக்கைகளில் அமர்வோரும் சீட் பெல்ட் அணிய வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன. மீறினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-பி பிரிவின் கீழ் ரூ.1,000 அபராதம் விதிக்கப்படும். 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை உரிய பாதுகாப்பின்றி அழைத்துச் சென்றாலும் இதே அபராதம் பொருந்தும்.