பழைய கணினியும் வரைகலை இயக்கியும்

தேக்காவிலிருந்து நடந்து செல்லும் தொலைவில், ரோச்சோர் கெனால் சாலையில் சிம் லிம் சதுக்கம் இருக்கிறது. கணினிப் பாகங்களுக்குப் பெயர்பெற்ற இடம் அது. அதனருகே சுங்கை ரோட்டில் இருந்த பழம்பொருள் சந்தை 2017 ஜூலை 10ஆம் நாளுடன் மூடப்பட்டது. ஒருவர் கழித்த பொருள் இன்னொருவருக்குப் பயன்படும் என்பதே அச்சந்தையின் அடிப்படை. இன்று சிங்கப்பூரில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 60,000 டன் மின்னியல் கழிவு சேர்கிறது. அதில் பழுதாகாத கணினிகளும் உண்டு.

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாள் முடிவுற்றது. புதிய பதிப்பை ஏற்க இயலாத கணினிகளுக்கு லினக்ஸ் ஒரு நல்ல மாற்று. ஆயினும், அதனை நிறுவியதும் சில கணினிகளின் திரை இருண்டுவிடுகிறது. சிலவற்றில் எழுத்துகள் பெரிதாகிக் காணொளி திக்கித் திக்கி ஓடுகிறது. “கணினி செத்துவிட்டது” என முடிவுகட்டிவிடுகிறோம். பெரும்பாலும் அங்கே குறைவது வரைகலை இயக்கி ஒன்றே.

இயக்கி என்பது யாது? சாட்சி ஒரு மொழியும் நீதிபதி வேறொரு மொழியும் பேசும் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் வரும்வரை விசாரணை நகராது. நான்கு அதிகாரத்துவ மொழிகள் வழங்கும் நம் நாட்டினர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. இயங்குதளத்தின் ஆணைகளை வரைகலைச் சில்லுக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றித் தரும் மொழிபெயர்ப்பாளரே இயக்கி. அவர் வாராதபோது படம் வரையும் வேலை முழுவதையும் மையச் செயலியே சுமக்கிறது. காணொளி திக்குவதற்கும் விசிறி இரைவதற்கும் காரணம் இதுவே.

முதலில், சில்லு எந்நிறுவனத்தது என அறிதல் வேண்டும். லினக்ஸ் முனையத்தில் ‘எல்எஸ்பிசிஐ’ என்னும் கட்டளையை இட்டால் அதன் பெயர் தெரியவரும். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஓர் அடையாள எண் உண்டு. இன்டெலின் எண் 8086. அந்நிறுவனம் 1978இல் வெளியிட்ட புகழ்பெற்ற செயலியின் பெயரும் அதுவே.

இன்டெல் சில்லாயின் பெரும்பாலும் கவலையில்லை. அதன் இயக்கி லினக்ஸின் கருநிரலிலேயே அடங்கியுள்ளது. ஏஎம்டி சில்லுகளுள் பழையனவற்றுக்கு ‘ரேடியான்’ இயக்கியும், பிற்காலத்தனவற்றுக்கு ‘ஏஎம்டிஜிபியு’ இயக்கியும் பொருந்தும். இவற்றுக்குத் துணையாக நிலைப்பொருள் கோப்புகளும் தேவை. டெபியன் பகிர்மானத்தின் அதிகாரபூர்வ நிறுவியில் 2023இல் வந்த 12ஆம் பதிப்பு முதல்தான் அவை இடம்பெற்றன. முந்தைய பதிப்பாயின் தனியே சேர்த்தல் வேண்டும்.

திரை முற்றிலும் இருண்டால், தொடக்கப் பட்டியலில் ‘நோமோட்செட்’ என்னும் சொல்லைச் சேர்த்துக் கணினியைத் தொடங்கலாம். இதில் ஓர் எச்சரிக்கை. அச்சொல் இயக்கிகளைத் தற்காலிகமாக ஒதுக்கி வைப்பது. உள்ளே நுழைவதற்கான ஊன்றுகோல் மட்டுமே. அதனை நிலையாக விட்டுவைப்போர், சரியான இயக்கி இருந்தும் அது வேலை செய்யவில்லையே என வருந்துவர்.

இடர் மிகுந்தது என்விடியாவின் பழைய அட்டைகளிலேயே. 2006இல் வந்த ஜீஃபோர்ஸ் 8 வரிசைக்கு உரிய 340 எண் இயக்கியை நிறுவனம் 2019 இறுதியோடு கைவிட்டது. அதன் மூலநிரல் முழுமையாக வெளியிடப்படாமையால், புதிய கருநிரல்களுக்கேற்ப அதனைத் திருத்துவது பிறர்க்கு அரிதாயிற்று. அட்டை பழுதாகவில்லை, அதன் மொழி அறிந்தவர் விலகிவிட்டார், அவ்வளவே.

அவ்விடத்தை நிரப்புவது ‘நூவோ’ இயக்கி. பிரெஞ்சு மொழியில் அச்சொல்லுக்குப் ‘புதிய’ என்பது பொருள். நிறுவனத்தின் ஆவணங்கள் கிட்டாத நிலையில், அட்டைக்குச் செல்லும் கட்டளைகளைக் கூர்ந்து நோக்கி, அவற்றின் பொருளைத் தன்னார்வலர் உய்த்துணர்ந்தனர். அறியாத மொழியைக் கேட்டுக் கேட்டே அதன் இலக்கணத்தை வகுப்பது போன்ற பணி அது. 2010இல் அவ்வியக்கி லினக்ஸ் கருநிரலில் இடம்பெற்றது. விளையாட்டுகளுக்கு அதன் வேகம் போதாது. கட்டுரை எழுதவும் இணையத்தில் பாடம் படிக்கவும் பெரும்பாலும் போதும். மாறாக, ஏஎம்டி நிறுவனம் 2007இல் சில்லு ஆவணங்களை வெளியிடத் தொடங்கியது. அதன் பழைய அட்டைகள் இன்றும் செவ்வனே இயங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

தமிழர்க்கு இந்த அனுபவம் புதிதன்று. ஒருவர் ஒரு குறியாக்கத்தில் தட்டெழுதிய தமிழ், அவ்வெழுத்துரு இல்லாத மற்றொருவர் கணினியில் புரியாத குறிகளாகத் தெரிந்த காலம் ஒன்றுண்டு. அக்குறையைத் தீர்க்கும் வழிகளை ஆராய்ந்த முதல் தமிழ் இணைய மாநாடு, நா. கோவிந்தசாமி முதலியோர் முயற்சியால் 1997இல் இங்கே சிங்கப்பூரில்தான் நடந்தது. பொதுத்தரத்தில் எழுதப்பட்டவை இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. தனிக்குறியாக்கங்களில் முடங்கியவற்றை மாற்றிகள் கொண்டு மீட்க வேண்டியதாயிற்று.

ஆக்கியோர் விலகிய பின்னும் ஒரு கருவி வாழ வேண்டுமாயின், அதன் மொழி பிறர் கற்கத்தக்கதாய் இருத்தல் வேண்டும். ஆசிரியர்கள் ஒரு பழைய கணினியை வகுப்பறைக்குக் கொணர்ந்து, அதன் சில்லை மாணவரே கண்டறிந்து திரையை மீட்க வழிசெய்யலாம். அன்று அவர்கள் மீட்பது ஒரு கணினி. கற்பதோ அறிவைத் திறந்து வைப்பதன் பயன்.